ஜெனீவா, தி ஹேக், வியன்னா: பன்னாட்டு அமைப்புகளுக்குக் கல்விப் பயணம் போவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பேச்சுவார்த்தை நடக்கும் அறையின் முன்புறத் திரையில் ஒரு வாக்கியம் தெரியும். அதில் ஒரு சொல்லைச் சுற்றி மட்டும் சதுர அடைப்புக்குறி போட்டிருப்பார்கள். அந்தச் சொல்லை எல்லா நாடுகளும் இன்னும் ஏற்கவில்லை என்று அர்த்தம். ஒரு நாட்டின் பிரதிநிதி அதை எடுத்துவிடச் சொல்வார், இன்னொருவர் இருக்கட்டும் என்பார், மூன்றாமவர் வேறொரு சொல்லைத் தருவார். ஒரு மணி நேரம் கழித்தும் அடைப்புக்குறி அங்கேயே நிற்கும்.

தயாராகி வந்த மாணவர் இந்த ஒரு மணி நேரமும் இருக்கை நுனியில் உட்கார்ந்து பார்ப்பார். தயாராகாமல் வந்தவர் பத்தாவது நிமிடத்தில் கைப்பேசியை எடுத்துவிடுவார். இருவரும் ஒரே விமானத்தில் வந்தவர்கள்தான், ஒரே அளவு பணம் கட்டியவர்கள்தான். மாணவர் குழுக்களோடு பலமுறை போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பயணத்தின் வெற்றி கிளம்புவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கிளம்புவதற்கு முன் செய்யவேண்டிய வேலைகள்தான்.

படி 1: முதலில் கேள்வி, அப்புறம்தான் ஊர்

"ஐ.நா.வைப் பார்க்கப் போகிறோம்" என்று தொடங்கும் பயணம் கட்டடம் பார்ப்பதில் முடிந்துவிடும். குழுவுக்கென்று ஒரு கேள்வி வேண்டும். "ஒரு நாடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அதை மீறினால் யார் என்ன செய்ய முடியும்?" என்பது நல்ல கேள்வி. மனித உரிமை, தொழிலாளர் சட்டம், வர்த்தகம், ரசாயன ஆயுதம் என ஒவ்வொரு துறையிலும் இதற்குக் கிடைக்கும் பதில் வேறு. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இதையே கேட்டு வந்தால், கடைசி நாளில் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் சரக்கு இருக்கும். "அமைப்புக்குப் பணம் கொடுப்பவர்தான் அதன் வேலையையும் தீர்மானிக்கிறாரா?" என்பதும் அதே மாதிரி எல்லா இடத்திலும் கேட்கத்தக்கது.

படி 2: எந்த நகரம்?

முதல்முறை போகிறவர்களுக்கு ஜெனீவாதான் என் பரிந்துரை. இத்தனை அமைப்புகள் நடந்துபோகும் தொலைவில் இருப்பது வேறெங்கும் அரிது. 15-ஆம் எண் டிராமில் ஏறி நாசியோன் சதுக்கத்தில் இறங்கினால், எதிரே ஒரு கால் உடைந்த ராட்சத மரநாற்காலி நிற்கும். கண்ணிவெடியில் கால் இழந்தவர்களை நினைவூட்ட 1997-இல் நிறுவப்பட்டது, உயரம் 12 மீட்டர். அதற்குப் பின்னால் பாலே டெ நாசியோன், அதாவது ஐ.நா.வின் ஜெனீவா அலுவலகம். ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்துக்காக 1929-இல் அடிக்கல் நாட்டிக் கட்டிய கட்டடம் இது. அகதிகளுக்கான உயர் ஆணையர் அலுவலகம், 1865-இலேயே தந்திக்காகத் தொடங்கிய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு எல்லாம் பக்கத்திலேயே. மேட்டில் ஏறினால் செஞ்சிலுவைக் குழுவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும். ஏரிக்கரைக்கு இறங்கினால் உலக வர்த்தக அமைப்பு.

சட்ட மாணவர்களுக்கு தி ஹேக்தான் சரி. அங்கே இரண்டு நீதிமன்றங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1913-இல் திறந்த அமைதி மாளிகையில் இருப்பது சர்வதேச நீதிமன்றம். 15 நீதிபதிகள், ஆளுக்கு 9 ஆண்டுப் பதவிக்காலம், வழக்காடுவது நாடுகள் மட்டுமே. கடலோர மணல்மேட்டுப் பக்கம் இருப்பது சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். அதை நிறுவிய ஒப்பந்தமான, 2002 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த ரோம் சட்டத்தின் கீழ் இயங்குகிறது, 18 நீதிபதிகள், குற்றம் சாட்டப்படுவது தனிமனிதர்கள். இது ஐ.நா.வின் உறுப்பும் அல்ல. போய் நின்ற பிறகும் பாதிப் பேருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். 2013-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ரசாயன ஆயுதத் தடை அமைப்பும் இதே ஊரில்தான்.

அணுசக்தி, போதைப்பொருள் தடுப்பு, தொழில் வளர்ச்சி என்றால் வியன்னா. 1979-இல் திறந்த வியன்னா பன்னாட்டு மைய வளாகத்திலேயே பல அலுவலகங்கள் இருப்பதால் ஒரு பாதுகாப்புச் சோதனையோடு ஒரு நாள் வேலை முடியும். உணவு, வேளாண்மை என்றால் ரோம். சுற்றுச்சூழலுக்கு நைரோபி.

இரண்டு நகரம் போதும். ஒரு வாரத்தில் நாலு நகரம் என்று அட்டவணை போட்டவர்களின் மாணவர்களிடம் பேசிப் பாருங்கள், ரயில் நிலையங்கள்தான் நினைவில் இருக்கும்.

படி 3: தேதியை அமைப்பின் நாட்காட்டி தீர்மானிக்கட்டும்

பல்கலைக்கழக விடுமுறையைப் பார்த்துத் தேதி குறிப்பது இயல்பு. ஆனால் ஆகஸ்டில் ஜெனீவாவுக்குப் போனால் தாழ்வாரங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். டிசம்பர் பிற்பாதியும் அப்படித்தான்.

ஜெனீவாவில் கூடும் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் மூன்று வழக்கமான அமர்வுகள் பிப்ரவரி இறுதியை ஒட்டியும், ஜூன் நடுவிலும், செப்டம்பரிலும் தொடங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதார சபை மே மாதம். பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு ஜூன். இந்த நாட்களில் போனால் உண்மையான கூட்டத்தைப் பார்க்கலாம். ஆனால் அதிகாரிகளுக்கு உங்களோடு உட்கார நேரம் இருக்காது. அதனால் கூட்டத் தொடரின் கடைசி மூன்று நாட்களைத் தவிர்த்துவிட்டு, முதல் அல்லது நடு வாரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மாணவர்களுக்கு நான் மிகவும் விரும்பிக் காட்டுவது பேரவையின் உலகளாவிய காலமுறை மீளாய்வை. ஐ.நா.வின் ஒவ்வொரு உறுப்பு நாடும் முறைவைத்து, மற்ற நாடுகளின் முன் உட்கார்ந்து தன் மனித உரிமை நிலைக்குப் பதில் சொல்லும். ஒரு நாட்டுக்கு மூன்றரை மணி நேரம். பிற நாடுகள் சுருக்கமாகப் பேசிப் பரிந்துரை வைக்கும். கடைசியில் அந்த நாடு எந்தப் பரிந்துரையையும் "நிராகரிக்கிறோம்" என்று சொல்ல வேண்டியதில்லை. சிலவற்றை "ஏற்கிறோம்", மற்றவற்றைக் "குறித்துக்கொள்கிறோம்" என்று முடித்துக்கொள்ளலாம். அந்தக் "குறித்துக்கொள்கிறோம்" என்ற சொல்லுக்குள் எவ்வளவு அரசியல் இருக்கிறது என்பது மாணவருக்குப் பிடிபட்டுவிட்டால், விமான டிக்கெட் காசு அங்கேயே வசூல்.

படி 4: கடிதம்

எட்டு மாதத்துக்கு முன் திட்டம், ஆறு மாதத்துக்கு முன் கடிதம். பெரிய அமைப்புகளுக்குப் பார்வையாளர் பிரிவு தனியாக இருக்கும், அவர்களின் படிவத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் சுற்றிக்காட்டலும் பொதுவான விளக்கவுரையும். உள்ளே வேலை பார்க்கும் ஒருவரோடு உட்கார வேண்டுமென்றால் கடிதத்தில் அதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும்.

"எங்கள் மாணவர்கள் உங்கள் அமைப்பைப் பற்றி அறிய விரும்புகிறார்கள்" என்று எழுதினால் பொது விளக்கவுரைதான் வரும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: "கட்டாய உழைப்பு பற்றிய 1930-ஆம் ஆண்டின் 29-ஆவது உடன்படிக்கையை எங்கள் மாணவர்கள் இந்தப் பருவத்தில் படிக்கிறார்கள். உறுப்பு நாடுகள் அனுப்பும் அறிக்கைகளை நிபுணர் குழு எப்படிச் சரிபார்க்கிறது என்பதைப் பற்றி, அந்தப் பணியில் இருக்கும் ஒருவரோடு 60 நிமிடம் பேச விரும்புகிறோம். 22 பேர், முதுநிலை இரண்டாம் ஆண்டு." படிப்பவருக்கு இதை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று உடனே தெரியும். கூடவே இரண்டு மாற்றுத் தேதிகளும், பொறுப்பாசிரியரின் தொடர்பு விவரமும், பல்கலைக்கழக முத்திரையும் இருக்கட்டும். இரண்டு வாரம் பதில் இல்லை என்றால் பணிவாக ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் வராவிட்டால் அடுத்த அமைப்பைப் பாருங்கள்.

பலர் மறந்துவிடும் இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, பன்னாட்டு அமைப்புகளில் உங்கள் நாட்டின் சார்பாகப் பேசும் நிரந்தரத் தூதரகக் குழு. ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் பெரும்பாலான நாடுகளுக்கு இது இருக்கிறது. அமைப்பின் அதிகாரி நடுநிலையாகப் பேச வேண்டியவர். தன் நாட்டுக்காக வாதாடும் இளம் தூதரக அதிகாரி சொல்லும் கதையே வேறு. இரண்டு, அரசு சாரா அமைப்புகள். அதே கூட்டத்தைப் பின்வரிசையிலிருந்து பார்க்கிறவர்கள் அவர்கள், குறைகளைத் தயங்காமல் சொல்வார்கள். அமைப்பு, நாடு, விமர்சகர் என்று மூன்று பக்கமும் கேட்காத பயணம் அரைகுறைதான்.

படி 5: ஆட்கள், பணம், விசா

20 முதல் 25 பேர் வரை நல்ல எண்ணிக்கை. அதற்கு மேல் போனால் ஒரே அறையில் உட்கார்ந்து உரையாட முடியாது. ஆசிரியர் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒரு மாணவருக்குக் காய்ச்சல் வந்தால் அவரோடு ஓர் ஆசிரியர் தங்கணும் அல்லவா?

தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஆளெடுக்காதீர்கள். ஒரு பக்கக் கட்டுரை கேளுங்கள்: "எந்த அமைப்பில் யாரிடம் என்ன கேட்பீர்கள்?" பணம் கட்ட முடியாதவர்களுக்கு இரண்டு இடமாவது நிதியுதவியோடு ஒதுக்குங்கள். வசதி உள்ளவர்கள் மட்டுமே போய்ப் பார்க்கும் இடமாகப் பன்னாட்டு அமைப்புகள் ஆகிவிடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

விசா தேவைப்படுவோர் கவனிக்க: சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் இருக்கிறது. ஆகவே ஜெனீவா, தி ஹேக், வியன்னா மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாளுக்கு முன். கெடு வரை காத்திருக்காதீர்கள், சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை ஆகலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். அமைப்புகள் அனுப்பிய உறுதிக் கடிதங்களை விண்ணப்பத்தோடு இணைத்தால் பயணத்தின் நோக்கம் தெளிவாக நிற்கும்.

ஜெனீவாவில் தங்கும் விடுதியோ இளைஞர் விடுதியோ, தங்கும் நாட்களுக்கு இலவசப் போக்குவரத்து அட்டை தருவார்கள். ஆகவே தனியாகப் பேருந்து பேசத் தேவையில்லை.

படி 6: கிளம்புமுன் எட்டு வாரம்

இந்தப் படியைச் சுருக்கினால் மற்றதெல்லாம் வீண்.

ஒவ்வோர் அமைப்பையும் இரண்டு அல்லது மூன்று மாணவர்களிடம் ஒப்படையுங்கள். அவர்கள் அதன் நிறுவன ஆவணம், கடைசி ஆண்டறிக்கை, வரவுசெலவு மூன்றையும் படித்து இரண்டு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். யார் உறுப்பினர், முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, பணம் எங்கிருந்து வருகிறது, இப்போது என்ன சண்டை ஓடுகிறது என்ற நாலும் அதில் இருக்க வேண்டும். பதில்கள் ஒவ்வொரு இடத்திலும் மாறுவதுதான் சுவாரசியம். தொழிலாளர் அமைப்பில் அரசுகளோடு முதலாளிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து வாக்களிக்கிறார்கள். வர்த்தக அமைப்பில் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும். சுகாதார நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பகுதி உறுப்புக் கட்டணம் அல்ல, தன்விருப்ப நிதி. செஞ்சிலுவைக் குழுவோ அரசுகளின் அமைப்பே அல்ல. சுவிட்சர்லாந்து சட்டப்படி அது ஒரு தனியார் சங்கம், ஆனாலும் 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் அதற்குப் பொறுப்புகளைக் கொடுத்திருக்கின்றன.

ஆவண எண்ணைப் படிக்கப் பழக்குங்கள். ஐ.நா. ஆவணத்தின் மூலையில் ஒரு குறியீடு இருக்கும். ஏ என்று தொடங்கினால் பொதுச் சபை, எஸ் என்றால் பாதுகாப்பு கவுன்சில், ஏ-வுக்குப் பிறகு எச்.ஆர்.சி. என்று வந்தால் மனித உரிமைப் பேரவை. இதைத் தெரிந்துகொண்ட மாணவர் ஒரு தீர்மானத்தைத் தேடி எடுக்க இரண்டு நிமிடம் போதும்.

ஐ.நா. வெப் டிவியில் பழைய கூட்டங்களின் பதிவுகள் இருக்கின்றன. நீங்கள் உட்காரப்போகும் அதே அவையின் ஒரு மணி நேரப் பதிவை வகுப்பில் போட்டுக் காட்டுங்கள். கூடவே 2015 பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் கடைசி நாள் கதையைச் சொல்லுங்கள். வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக் குறைப்பு பற்றிய 4-ஆவது பிரிவின் இறுதி வரைவில் "ஷுட்" என்ற ஆங்கிலச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் "ஷல்" வந்துவிட்டது. முன்னது "செய்வது தகும்" என்ற அளவில் நிற்கும், பின்னது "செய்தாக வேண்டும்" என்று சட்டப்படி கட்டிப்போடும். அமெரிக்கா இதை ஏற்க முடியாது என்றது. குழப்பத்துக்குப் பிறகு எழுத்துப் பிழை என்று திருத்தி ஒப்பந்தத்தை நிறைவேற்றினார்கள். இந்தக் கதையைக் கேட்டவர்கள் திரையில் அடைப்புக்குறியைப் பார்த்தால் கைப்பேசியை எடுக்க மாட்டார்கள்.

அப்புறம், கேள்வி தயாரிப்பு. இணையதளத்தில் பதில் இருக்கும் கேள்வியை அங்கே போய்க் கேட்கக் கூடாது. "உலக வர்த்தக அமைப்பு என்ன செய்கிறது?" என்பது வீண். "2019 டிசம்பருக்குப் பிறகு மேல்முறையீட்டு அமைப்பு இயங்கவில்லை. கீழ்நிலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்துவிட்டால் வழக்கு அந்தரத்தில் தொங்குகிறதே, உங்கள் அன்றாட வேலையில் இது எதை மாற்றியது?" என்று கேட்டால், பேசுபவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பிப்பார். ஒவ்வொரு கேள்வியின் கடைசியிலும் "உங்கள் வேலையில்" என்ற சொல் வரட்டும். அமைப்பின் நிலைப்பாட்டை அறிக்கையிலேயே படிக்கலாம். அவருடைய அனுபவம் அங்கே மட்டும்தான் கிடைக்கும்.

படி 7: நாள் அட்டவணை

ஒரு நாளைக்கு இரண்டு அமைப்பு, அதற்கு மேல் வேண்டாம். காலை பத்து மணிக்கு ஒன்று, மதியம் இரண்டரைக்கு ஒன்று. நடுவில் சாப்பாட்டை முடிந்தால் அமைப்பின் உணவகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் சொல்லாததைத் தட்டு ஏந்திய வரிசையில் ஊழியர்கள் சொல்வார்கள். ஒரு அரை நாளை முழுக்கக் காலியாக விடுங்கள். தள்ளிப்போன சந்திப்பு அங்கே வந்து உட்காரும், இல்லாவிட்டால் பிள்ளைகள் தூங்கட்டும்.

படி 8: வாசலில்

பெயர்ப் பட்டியல் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒருமுறை பட்டியலில் ஒரு மாணவியின் பெயருக்கு முன் முதலெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிட்டோம், கடவுச்சீட்டில் முழுப் பெயர் இருந்தது. காவலர் கடமையைச் செய்தார். நாங்கள் எல்லாரும் உள்ளே போக, அவள் குளிரில் நாற்பது நிமிடம் வெளியே நின்றாள். தவறு முழுக்க என்னுடையது. அதிலிருந்து பட்டியலைக் கடவுச்சீட்டு நகலோடு வைத்து இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்கிறோம்.

நகல் செல்லாது, அசல் கடவுச்சீட்டே கையில் இருக்க வேண்டும். விமான நிலையம் போலவே பையைச் சோதிப்பார்கள், பெரிய பைகளை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். 45 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். கோட்டும் டையும் கட்டாயமில்லை, ஆனால் நடக்க வசதியான காலணி கட்டாயம்.

படி 9: அறைக்குள்

கூட்ட அறையின் இருக்கையில் காதுக்கருவி இருக்கும். அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் என ஆறு மொழிகளுக்கு ஆறு தடம். ஐந்து நிமிடம் பேச்சாளரின் மூலமொழியில் வைத்துக் குரலைக் கேளுங்கள், பிறகு மொழிபெயர்ப்புக்கு மாறுங்கள். கண்ணாடி அறைக்குள் மொழிபெயர்ப்பாளர்கள் அரை மணிக்கு ஒருமுறை கைமாற்றிக்கொள்வதைக் கவனியுங்கள். அந்த உழைப்பு இல்லாமல் அந்த அறையில் எதுவுமே நடக்காது.

சந்திப்பில் முதல் கேள்வியை யார் கேட்பது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், சங்கடமான மௌனம் வராது. கடினமான கேள்வியை நடுவில் வையுங்கள். பேசுபவர் "சாத்தம் ஹவுஸ் விதி" என்று சொன்னால் பொருள் இதுதான்: சொன்ன செய்தியைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதை வெளியே சொல்லக் கூடாது. சமூக ஊடகத்தில் படத்தோடு போட்டுவிட்டால் அடுத்த ஆண்டுக் குழுவுக்கு அந்தக் கதவு திறக்காது. படம் எடுக்குமுன் ஒவ்வொரு அறையிலும் கேளுங்கள்.

வேலைவாய்ப்புக் கேள்விகள் கட்டாயம் வரும், கடைசிப் பத்து நிமிடத்தை அதற்கு ஒதுக்குங்கள். சில விவரங்களை முன்பே சொல்லிவைப்பது நல்லது. ஐ.நா. தலைமைச் செயலகத்தில் மாணவப் பயிற்சிக்கு ஊதியம் கிடையாது, தொழிலாளர் அமைப்பு போன்ற சில அமைப்புகள் தருகின்றன. ஐ.நா. செயலகம் இளைஞர்களை வேலைக்கு எடுக்கும் இளம் வல்லுநர் தேர்வுக்கு வயது வரம்பு 32, அதுவும் செயலகத்தில் போதிய பிரதிநிதித்துவம் இல்லாத நாட்டினருக்குத்தான்.

படி 10: அன்றிரவே

இரவு உணவுக்கு முன் 45 நிமிடம் எல்லாரும் ஒரே அறையில் உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் மூன்று குறிப்பு எழுத வேண்டும்: இன்று கேட்டதில் நான் படித்ததோடு முரண்பட்டது எது, பதில் சொல்லாமல் நழுவிய இடம் எது, நாளைக்கு யாரிடம் இதைத் தொடர்ந்து கேட்கலாம். களைப்பாக இருக்கும், முனகுவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்றாம் நாள் பார்த்தால் திங்கட்கிழமை நழுவிய பதிலுக்கு மறுபாதி புதன்கிழமை வேறொரு கட்டடத்தில் கிடைத்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் மாணவரின் முகத்தைப் பார்க்கத்தான் நான் ஒவ்வொரு முறையும் போகிறேன்.

படி 11: திரும்பி வந்து

ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதம். பொதுவாக எழுதாமல், அவர் சொன்ன எந்தச் செய்தி எந்த விவாதத்தைக் கிளப்பியது என்று ஒரு வரி சேருங்கள். அதை எழுத வேண்டியது அந்த அமைப்பைப் பொறுப்பேற்ற மாணவர்களே. ஆறு வாரத்துக்குள் ஒவ்வொருவரும் தொடக்கக் கேள்விக்குத் தங்கள் பதிலைக் கட்டுரையாகத் தரட்டும், மதிப்பெண்ணோடு.

கடைசியாக ஒரு கோப்பு. எந்த வாசலில் நுழைந்தோம், எத்தனை நிமிடம் காத்திருந்தோம், எந்தப் பிரிவுக்கு எழுதியபோது பதில் வந்தது, எந்தக் கேள்வி எடுபட்டது, எது சொதப்பியது என எல்லாவற்றையும் எழுதி அடுத்த ஆண்டுப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள். போகாத மாணவர்களையும் அழைத்து ஒரு பிற்பகல் உட்காருங்கள். திரையில் அடைப்புக்குறி போட்ட ஒரு வாக்கியத்தைப் போட்டு, ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஒரு சொல்லை முடிவுசெய்யச் சொல்லுங்கள்.